யாரைச் சொன்னார்

“லூப் போடுறதுக்கு முன்னாடி வெளிச்சத்தைக் குறைக்கிற அட்டெனுவேட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. சின்னதா, விரல் நுனி அளவுக்கு இருக்கும். அது இல்லாம நேராப் போட்டீங்கன்னா கார்டு போயிடும்” என்று சொல்லிக்கொண்டே அவள் அப்பாவின் வாயில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். தண்ணீர் பாதி உள்ளே போனது. பாதி கன்னத்தில் வழிந்து தலையணை உறையில் ஊறியது. துண்டின் ஓரத்தால் துடைத்துவிட்டாள்.

மறுமுனையில் இருந்தவர் பேசிக்கொண்டே தேடினார். எதைச் செய்தாலும் அவர் பேசிக்கொண்டேதான் செய்வார். இழுப்பறை துருப்பிடித்துவிட்டது, திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம் என்று வந்துகொண்டே இருந்தது. அவள் வேலை பார்க்கும் தொலைபேசிக் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் அவருக்கு வானொலி என்று பெயர். வானொலி லைனில் இருக்கிறது என்றால் இனி அரைமணி நேரத்துக்குக் காதுக்கு விடுமுறை இல்லை என்று அர்த்தம். மலைக்கு இந்தப் பக்கத்து அடிவார நிலையத்தின் டெக்னீஷியன். அவர் குரலை அவள் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். ஆளைப் பார்த்ததில்லை.

“கெடச்சுடுச்சு மேடம். டீ டம்ளருக்குப் பின்னாடி இருந்துச்சு.”

“டீ டம்ளர் ஏன் அங்க இருக்கு?”

வானொலி அவசரமாக இழுப்பறைத் துருவுக்கே திரும்பினார்.

மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை என்று டாக்டர் கையை விரித்த பிறகு, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க விடுப்பு. அப்பாவின் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து, ஏதாவது கேட்டால் தலையை அசைப்பதோடு நின்றிருந்தது. பெரும்பாலும் கண்ணை மூடியே கிடந்தார். பகலில் வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா அன்று காலை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

வர வேண்டியவன் அண்ணன் ஒருவன்தான். மாட்டுக்கும் கோழிக்கும் மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் விற்பனையாளன். ஊர் ஊராகக் காரை ஓட்டுவதுதான் பிழைப்பு. வீடு மலைக்கு அந்தப் பக்கம். முந்தின நாள் சாயங்காலமே கிளம்புகிறேன் என்றவன் காலையில்தான் கிளம்பியிருந்தான். எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்கக் கூப்பிட்டபோது, பின்னால் கோழிகள் கத்தும் சத்தம் கேட்டது. பண்ணைக்காரர் ஒருவருக்கு மருந்துப் பெட்டி கொடுக்க வேண்டும், வழியில்தான் இருக்கிறது, இதோ முடிந்துவிட்டது என்றான்.

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேசினாள். “உனக்கு எல்லாமே வழியிலதான். அம்மாவுக்கும் இப்படித்தான் வந்தே, எல்லாம் முடிஞ்சு எல்லாரும் சுடுகாட்டுலேர்ந்து திரும்பினதுக்கு அப்புறம். எந்த நாள்ல நீ நேரத்துக்கு வந்திருக்க?” என்றாள். இன்னும் சிலதும் சொன்னாள். அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது சத்தம் நின்றுபோனது. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான் என்று நினைத்தாள். திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. ‘சீக்கிரம் வா’ என்று ஒரு செய்தி அனுப்பினாள். அது போகாமல் நின்றது. அப்பா கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். அல்லது அப்படித்தான் அவள் நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஷிப்டில் இருந்தது புதிதாகச் சேர்ந்த பெண். விடுப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்வதற்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் மொத்தமும் போய்விட்டன, திரை முழுக்கச் சிவப்பாக இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், கைபேசிக் கோபுரங்கள் எல்லாம் அந்த ஒரு லைனில்தான் இருந்தன.

அப்போதுதான் அண்ணன் வைக்கவில்லை, லைன்தான் போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

“வானொலியை எனக்குக் கூப்பிடச் சொல்லு” என்றாள்.

மடிக்கணினியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, அப்பாவின் பாதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலாரங்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு அதில் பதற்றம் இல்லை. கண்ணாடி இழைக் கேபிளில் ஒரே இடத்தில் வெளிச்சம் நின்றால், அதை நம்பியிருக்கும் அத்தனையும் கத்தத்தான் செய்யும். அப்பா நகராட்சியில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உன் வேலை என்ன என்று கேட்டு, அவள் விளக்கியதைப் பாதியில் நிறுத்தி, “புரிஞ்சுடுச்சு. மெயின் வால்வு மூடிக்கிச்சுன்னா தெரு முழுக்க வாளியத் தூக்கிட்டு வந்து கத்துவான். கத்துறவன் வீட்டுக்கெல்லாம் போயிட்டிருந்தா விடிஞ்சிடும். வால்வு எங்கன்னு பாக்கணும், அதானே?” என்றார். அதற்குப் பிறகு அவளுடைய வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

அவள் வால்வைத்தான் தேடினாள். கத்துகிறவற்றில் எல்லாவற்றுக்கும் முன்னால் கத்தியது வானொலியின் நிலையத்தில் வெளிச்சத்தை வாங்கி அனுப்பும் கார்டு. மலைமேலிருந்து தனக்கு வெளிச்சம் வரவில்லை என்றது அது.

சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது, மண்தோண்டும் இயந்திரம் கேபிளை அறுத்திருக்கும், நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பது வானொலியின் கட்சி. போகக் கூடாது என்றாள். முந்தின நாளிலிருந்து அந்த லைனில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்திருப்பது திரையில் தெரிந்தது. இயந்திரம் அப்படித் தவணை முறையில் அறுக்காது. கோளாறு நிலையத்துக்குள்ளேயேதான். முதலில் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அதன் வெளிச்சத்தை அதற்கே திருப்பிவிடச் சொன்னாள். அதுதான் லூப்.

“போட்டுட்டேன் மேடம். பச்சை வந்துடுச்சு.”

கார்டு நல்ல கார்டுதான். ஆனால் அவளுக்கு அடுத்த கேள்வி இருந்தது. ஒரு வழி போனால் தானாக மாறிக்கொள்ள இன்னொரு வழி உண்டு. அது ஏன் மாறவில்லை? திரையில் அதையும் பார்த்துவிட்டாள். மாற்று வழி பூட்டப்பட்டிருந்தது. போன வாரம் சோதனைக்காகப் பூட்டியவர் திறக்க மறந்திருந்தார்.

“போன வாரம் மாத்து லைனைப் பூட்டினது யாரு?”

வானொலி கொஞ்சம் இருமினார். அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்தது, வண்டியில் டீசல் வேறு இல்லை, சம்சாரத்துக்குப் பல்வலி என்று தொடங்கினார்.

“பல்வலியா? பூட்டினது நீங்கதானே?”

“நான்தான் மேடம்.”

அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தது நாக்கு ஒன்றுதான் என்று சித்தப்பா அடிக்கடி சொல்வார். டெக்னீஷியன்கள் நடுவில், மேடம் ஷிப்டா, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று ஒரு பேச்சு உண்டு என்பது அவளுக்கும் தெரியும். வானொலியை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இங்கிருந்தே பூட்டைத் திறந்தாள். மாற்று லைன் உயிர் பெற்று, சிவப்பெல்லாம் மஞ்சளாகி, பெருமூச்சு விடுவதற்குள் மறுபடி சிவப்பானது. வெளிச்சம் வருகிறது, ஆனால் போதவில்லை.

“போன வாரம் அந்த லைன் கனெக்டரைக் கழட்டினீங்களா?”

“ஆமா மேடம். சுத்தம் பண்ணித்தான் திரும்ப மாட்டினேன்.”

“எதால?”

இழுப்பறையை மூடும் சத்தம் வந்தது.

“எதால சுத்தம் பண்ணீங்க?”

“ஊதினேன் மேடம்.”

“வாயாலயா?” அவள் எழுந்து நின்றுவிட்டாள். “எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அது என்ன அடுப்பா ஊதுறதுக்கு? கண்ணுக்குத் தெரியாத தூசி ஒட்டினாலே வெளிச்சம் போகாது, நீங்க எச்சிலைத் தெளிச்சு வெச்சிருக்கீங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? அங்க ஒரு ஆஸ்பத்திரி லைன் இல்லாம உக்காந்திருக்கு. என் அண்ணன் எங்க நிக்கிறான்னே எனக்குத் தெரியல. ஒரு வேலைய உருப்படியா…”

“அவனைத் திட்டாதம்மா.”

அப்பாதான். கண்ணைத் திறக்கவில்லை. நாட்கணக்காக முனகலாகவே இருந்த குரல் இப்போது தெளிவாக, தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற பழைய குரலின் சாயலில் வந்தது. நர்ஸம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு கதவருகில் நின்றார். மறுமுனையில் வானொலியும் நின்றுபோயிருந்தது.

சற்றுப் பொறுத்து அப்பா, “பாவம்” என்றார்.

“சரிப்பா. திட்டல” என்றாள். அவர் நெற்றியில் கையை வைத்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. அவர் வேறு எதுவும் சொல்வாரா என்று பார்த்தாள். வாய் அசையவில்லை. மார்பு ஏறி இறங்கியது. அவள் கையை எடுத்து மறுபடி கைபேசியைப் பிடித்தாள்.

“ஸ்பிரிட் துணி இருக்கா?” குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“இருக்கு மேடம்.” அவரும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

“புதுத் துணியா எடுங்க. ஒரே பக்கமாத் துடைங்க. முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். அப்புறம் காஞ்ச துணியில ஒரு தடவை. அவசரமில்ல.”

அவர் துடைத்தார். முதல் தடவையாக, பேசாமல் ஒரு வேலையைச் செய்தார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கனெக்டர் உட்காரும் சின்ன ‘டிக்’ கேட்டது. திரையில் வெளிச்சத்தின் அளவு எகிறி நின்றது. சிவப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. யாரும் எதுவும் செய்யாமலே, ஊர் ஊராக, கோபுரம் கோபுரமாக வந்துகொண்டிருந்தன.

“வந்துடுச்சு மேடம்.”

“ம். வந்துடுச்சு.”

“அப்பாகிட்ட என் நன்றியச் சொல்லுங்க மேடம்.”

அவள் திரும்பினாள். நர்ஸம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தில் விரலை வைத்தார். பழக்க தோஷத்தில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார்.

காதில் வானொலி பேசிக்கொண்டிருந்தார். மெயின் லைனின் கோளாறும் அகப்பட்டுவிட்டது, நேற்று ரேக் கதவைச் சாத்தும்போது ஒயர் ஒன்று கீலில் மாட்டி நசுங்கியிருக்கிறது, மாற்றிவிடட்டுமா என்று கேட்டார்.

“மாத்திடுங்க. அப்பா போயிட்டார். நான் வைக்கிறேன்” என்றாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நர்ஸம்மா தாடையைச் சேர்த்துப் பிடித்து, கையைச் சீராக எடுத்து மார்பில் வைத்தார். அவள் போர்வையை இழுத்து, கால்மாட்டில் இருந்த மடிக்கணினியை நகர்த்த முயன்றபோது கைபேசி மறுபடி அடித்தது. அண்ணன்.

“நான் வைக்கலடி. சிக்னலே இல்ல. நீ திட்டினதுக்காக வெச்சுட்டேன்னு நினைச்சுக்காத. இப்பத்தான் உன் மெசேஜ் வந்துச்சு. மலை இறங்கிட்டிருக்கேன். எங்கயும் நிக்காம வரேன். பெட்டியக்கூடக் கொடுக்கல” என்று மூச்சுவிடாமல் சொன்னான்.

அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“தெரியும். லைன் போயிருந்துச்சு” என்றாள். “மெதுவா வா.”

“மெதுவாவா?”

லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு அவனைக் கடந்து போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் காரை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம்.

அவன் வந்து சேர்ந்தபோது சித்தப்பா முன்னறையைக் காலி செய்து, சாமான்களையெல்லாம் பின்னால் தள்ளியிருந்தார். அண்ணன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனான். அப்பாவின் அருகில் கொஞ்ச நேரம் நின்றான். தொடவில்லை. அவனுக்கும் அப்பாவுக்கும் என்றைக்குமே தொட்டுப் பேசுகிற உறவு இருந்ததில்லை. அப்பா ஊரையே திட்டுவார். மோட்டார் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுகிறவனை, கேட்டைத் திறந்து விடாதவனை, துரத்துகிற நாயை, நாயின் சொந்தக்காரனை. மிச்சமிருந்தது முழுக்க அண்ணனுக்கு. படிப்பை விட்டதற்கு, வேலையை மாற்றியதற்கு, அதே வேலையில் நீடித்ததற்கு. சேர்ந்தாற்போல் ஒரு வேளைச் சாப்பாட்டை அவன் திட்டு வாங்காமல் சாப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் குடிபோனதே அதற்காகத்தான் என்று அண்ணி ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் திரும்பினான். மூலையில் மடிக்கணினி இன்னும் திறந்தபடியே இருந்தது. அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“அப்பா போறப்ப நீ ஆபீஸ் வேலை பாத்துட்டிருந்தியா?”

“பக்கத்துலதான் இருந்தேன்.”

“போன்ல இருந்தே. என்னை நேரத்துக்கு வரலைன்னு அந்தப் பேச்சுப் பேசிட்டு, பக்கத்துலயே இருந்த நீ…”

அவன் குரல் ஏறியது. முன்னறையில் சித்தப்பா நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நர்ஸம்மா கிளம்புவதற்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவர், இருவருக்கும் நடுவில் வந்தார்.

“தம்பி, இந்த நேரத்துல வேண்டாம். அவர் கடைசியாச் சொன்னதே அதான். காலையில தங்கச்சி உங்களைத் திட்டினாங்கல்ல, பாவம், அது அவர் மனசுல இருந்திருக்கு. ‘அவனைத் திட்டாதம்மா’ன்னாரு. என் காதால கேட்டேன். அதோட போயிட்டாரு.”

அண்ணன் அப்படியே நின்றான். “அப்பாவா?” என்றான்.

“ஆமா தம்பி.”

“என்னையா?”

நர்ஸம்மா, வேறு யாரை என்பது போல அவளைப் பார்த்தார். அண்ணனும் அவளைப் பார்த்தான். அவளுடைய வாயில் ஒரு பதில் வந்து நின்றது. அண்ணனின் சட்டையில் கோழி இறகின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

“பாவம்னும் சொன்னாரு” என்றாள்.

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

அன்றும் மறுநாளும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். நகராட்சியில் கூட வேலை பார்த்தவர்கள் வந்து, நாய் துரத்தி அப்பா மதில் ஏறிய கதையைச் சொன்னார்கள். என் வீட்டு மோட்டாரையே கழற்றி எடுத்துக்கொண்டு போனவன், கூடப்பிறந்தவன் என்று பார்க்கவில்லை என்று சித்தப்பா சொல்லி, பாதியில் அழுதுவிட்டார். மறுநாள் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

வருகிறவர்கள் எல்லாரிடமும் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னான். முதலில் தயங்கித் தயங்கி, யாராவது கேட்டால் மட்டும். பிறகு கேட்காமலே. “கடைசியா என்னைத் திட்டாதேன்னுதான் சொன்னாராம்.” சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. மாலைக்குள், பாவம், பிள்ளை ஊர் ஊரா அலையறான் என்பதும் சேர்ந்துகொண்டது. அவள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். அண்ணியிடம் கைபேசியில் சொல்லும்போது அவன் சிரித்தான். அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவன் சிரித்து அவள் கேட்டதில்லை.

அப்பா யாரைச் சொன்னார் என்று அவளுக்கு இரண்டு நாளாக யோசனைதான். வானொலியைத் திட்டும்போதுதான் சொன்னார். அதில் சந்தேகமில்லை. ஆனால் காலையில் அண்ணனைத் திட்டியபோது அவர் தூங்கவில்லையென்றால்? அதற்கு வாயைத் திறக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்திருந்தால்? வானொலியைத் திட்டியதன் கடைசியில் அவள் அண்ணன் பேச்சையும்தானே எடுத்தாள். ஒரு முனையிலிருந்து யோசித்தால் ஒன்று சரியாக இருந்தது, மறு முனையிலிருந்து யோசித்தால் மற்றது.

அதற்கு அடுத்த நாள் முற்பகலில், மேலே ஏணி கட்டிய கம்பெனி வேன் ஒன்று சந்துக்குள் நுழைந்து வீட்டு வாசலில் நின்றது. இறங்கியவரை அவளுக்குத் தெரியவில்லை. குரலை வைத்து ஒல்லியான, வெடவெடவென்ற ஆளைத்தான் இத்தனை நாளும் நினைத்து வைத்திருந்தாள். இவர் பெருத்த உடம்பு. தலை நரைத்து, வேனிலிருந்து இறங்குவதற்கே கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் ஏதோ கேட்டார். குரல் கேட்டதும் அவள் வெளியே வந்துவிட்டாள்.

“மேடம்” என்றார்.

“வாங்க. உள்ள வாங்க.”

அவர் உட்கார்ந்தார். வழியில் பாலம் வேலை நடக்கிறது, சுற்றிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது, வீட்டு அடையாளம் அந்தப் புதுப் பெண் சொன்னாள், தப்பாகச் சொன்னாள், பேக்கரிக்காரரிடம் கேட்டு வந்தேன் என்றார். மெயின் லைன் ஒயரை மாற்றிவிட்டதாகவும், கீல் பக்கம் எதுவும் போகாதபடி கட்டிவிட்டதாகவும், டீ டம்ளரை ரேக் அறையிலிருந்து எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தார்.

“நேத்தே வந்திருக்கணும். ஆள் மாத்தி விட யாரும் கெடைக்கல” என்றார். “வீட்ல சம்சாரத்துகிட்டச் சொன்னேன் மேடம். அவளும் அழுதுட்டா. உசிரு போற நேரத்துல முன்ன பின்ன தெரியாத ஒருத்தனுக்காகப் பேசியிருக்காரே. எனக்கு இத்தனை வருஷ சர்வீஸ். அதிகாரி, யூனியன், ஒருத்தனும் எனக்காக ஒரு வார்த்தை பேசினதில்ல. தப்பு என் மேலதான், அது வேற. ஆனாலும் ஒருத்தர் ‘பாவம்’னாரே. நேர்ல வந்து சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு. அவருக்குச் சொல்ல முடியல. உங்ககிட்டயாவது சொல்லணும்னு.”

முன்னறையில் வேறு யாரும் இல்லை. அண்ணன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. அவள் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுங்க மேடம்.”

“அப்பா சொன்னது தன்னைத்தான்னு எங்க அண்ணன் நினைச்சுட்டிருக்கான். அன்னிக்குக் காலையில நான் அவனையும் திட்டியிருந்தேன். அவனுக்கும் அப்பாவுக்கும்…” அவள் நிறுத்தினாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “அவன் கிட்ட நீங்க இதைச் சொல்ல வேண்டாம்.”

வானொலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரில் ஆடை படியத் தொடங்கியிருந்தது.

“அப்போ அவர் சொன்னது யாரை மேடம்?”

“தெரியல.”

“நிஜமாவேவா?”

“நிஜமாவே தெரியல.”

அவர் தலையை ஆட்டினார். தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“சரி, அவரே வெச்சுக்கட்டும்” என்றார். “எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தானே.”

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். இன்னொரு டம்ளர் கொண்டுவரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே முன்னறைக்கு வந்தான். வந்திருப்பவர் தன்னோடு வேலை செய்கிறவர் என்று அவள் சொன்னாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தான். நிலையம் இருக்கும் இடத்தைச் சொன்னதும் அந்தச் சாலை தனக்கு அத்துப்படி என்றான். அங்கே ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறதே என்று ஆரம்பித்தவன், நடுவில் நிறுத்தினான்.

“அன்னிக்கு இவ போன்ல பேசிட்டிருந்தது உங்க கூடத்தானா?”

“ஆமா சார்.”

“அப்போ அப்பா பேசினது உங்களுக்கும் கேட்டிருக்கணுமே.”

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது. அண்ணன் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸம்மா சொன்னதை இன்னொரு வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

வானொலி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏதோ பேசினாரு சார். லைன் கொஞ்சம் சரியில்ல. எனக்குச் சரியாக் கேக்கல” என்றார். அண்ணனின் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, “‘பாவம்’னு சொன்னது மட்டும் கேட்டுச்சு. நல்ல குரல் சார் உங்கப்பாவுக்கு” என்றார்.

“ஆமா” என்றான் அண்ணன். “தெருக்கோடியில இருந்து கூப்பிட்டா வீட்டுக்குக் கேக்கும்.”

அதற்குப் பிறகு வானொலி அதிக நேரம் இருக்கவில்லை. மத்தியானத்துக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும் என்றார். அவளைப் பார்த்துக் கை கூப்பினார். அவளும் கூப்பினாள். அடுத்த ஷிப்ட் எப்போது மேடம் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றாள். சரி என்றார்.

சந்து குறுகல். எதிர்முனை அடைப்பு என்பதால் வேனைத் திருப்ப வழியில்லை. வந்த வழியே பின்னாலேயே எடுத்துத்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் அண்ணனின் கார், மறுபக்கம் அடுத்த வீட்டு மதில். வானொலி கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு தயங்குவதைக் கண்டு அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

வேனின் பின்னால் போய் நின்று, ஒரு கையை அதன் கதவில் வைத்துக்கொண்டான்.

“வரலாம்” என்றான்.

வேன் மெல்ல நகர்ந்தது. ஏணியின் முனை மதிலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மரக்கிளையை உரசிக்கொண்டு போனது. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வேனோடு சேர்ந்து பின்னோக்கி நடந்தான். அவ்வப்போது கதவை லேசாகத் தட்டிக் கொடுத்தான். “வரலாம், வரலாம். பயப்படாம வாங்க. உங்க பக்கம் இன்னும் இடம் இருக்கு” என்று அவன் சொல்வது, வேன் தெருமுனை வரை போய்த் திரும்பிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.